ஏழாம் கொட்டடித் தோமஸ்

பழைய காகிதங்களைப் பட்டியலிடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், அகதி விண்ணப்பம் என்று எங்கள் சனத்தின் காகிதங்களை லண்டனில் மோர்டனிலும் கோலியர்ஸ் வுட்டிலும் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் கிடந்த கிழவி தன் அனுபவத்தை எழுதித் தரட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியை எப்படி அடுக்குவது, ஈரம் பட்ட தாளை எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் உங்கள் கணினியே சொல்லித் தரும். என் கெட்டித்தனங்களைச் சொன்னால் நீங்களே கொட்டாவி விடுவீர்கள். ஆகவே நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். அது 2009இல் நடந்தது. அன்றிலிருந்து எங்கே கையெழுத்துப் போட்டாலும், போட்டது என் கையெழுத்துத்தானா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகருவேன்.

மேற்கு லண்டனில் ஒரு சதுக்கத்துக்குப் பின்னால், முட்டுச்சந்துக்குள் இருந்தது அந்த லாயம். ஒரு காலத்தில் அரண்மனைக்குக் குதிரை பழக்கிக் கொடுத்த ஒரு பிரபு குடும்பத்தின் சொத்து. கடைசிக் குதிரை போய் ஓர் ஆயுட்காலம் ஆகியிருக்கும். மேல்மாடியில் குடும்பத்தின் அலுவலகம். கீழே பன்னிரண்டு கொட்டடிகள். ஒரு குதிரைக்கு ஒரு கொட்டடி என்று மரத்தால் தடுத்தவை. இப்போது அவற்றுக்குள் உடைந்த கதிரைகளும் பெட்டிகளும்தான் நின்றன. கட்டடத்தை விற்கப் போவதாகவும், விற்குமுன் லாயத்துப் பதிவேடுகளை ஒழுங்காகப் பட்டியலிட வேண்டும் என்றும் என்னை அழைத்தார்கள். பட்டியலின் முகப்பில் ‘ஈக்வெரி’ என்ற சொல்லின் வரலாற்றையும் ஒரு பக்கத்தில் எழுதக் கேட்டார்கள். அந்தக் குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் அரசருக்கு ஈக்வெரியாக இருந்தவர்கள். அதில் அவர்களுக்குப் பெருமை என்றால் அப்படியொரு பெருமை.

ஈக்வெரி என்றால் இன்றைக்கு அரச குடும்பத்தவருக்குப் பக்கத்தில் சீருடையோடு நிற்கும் அதிகாரி. விருந்தாளியை அழைத்து வருவார், அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று காதோடு சொல்வார். குதிரைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் வந்தபோது அது ஆளைக் குறிக்கவில்லை, லாயத்தைக் குறித்தது. இன்னார் ஈக்வெரியின் அதிகாரி, இன்னார் ஈக்வெரியின் குதிரைக்காரர் என்றுதான் எழுதினார்கள். போகப்போக அந்த வால் அறுந்து, கட்டடத்தின் பெயரே உள்ளே வேலை செய்தவர்களின் பெயராயிற்று. பிறகு அதிகாரி அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குள் போய்விட்டார். குதிரைக்காரர் லத்தி அள்ளிக்கொண்டு லாயத்திலேயே நின்றார்.

இதை நான் மிக அழகாக எழுதினேன். ஓர் இடம் தனக்குள் நின்ற மனிதர்களை விழுங்கிய கதை என்று ஒரு வரியும் போட்டேன். அந்த வரியில் எனக்கு நல்ல பிடித்தம்.

பதிவேடுகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தந்தக் கொட்டடிக் குதிரைக்காரர் தன் பெயருக்கு எதிரே ஓர் அடையாளம் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் என்பதால் ஆளுக்கொரு கீறல். குதிரைகள் போனபின் மற்றக் கொட்டடிகள் எல்லாம் பதிவிலிருந்து மறைந்துவிட்டன. ஏழாம் கொட்டடி மட்டும் மறையவில்லை. சந்துப் பக்கத்து வாசல் கேற்றின் சாவி ஏழாம் கொட்டடித் தூணில் தொங்கியதுதான் காரணம். காலையில் சாவியை எடுப்பவர் புத்தகத்தில் அடையாளம் போட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

ஏழாம் கொட்டடிக்கு எதிரே இருந்த பெயர் தோமஸ். விக்டோரியா மகாராணி காலத்துப் புத்தகத்தில் தோமஸ். இரண்டு உலகப் போருக்கும் தோமஸ். குதிரை போய், கார் வந்து, காரும் போனபின் தோமஸ். அடையாளம் ஒரு சிலுவைக் கோடு. அதன் கீழ்முனையில் தூண்டில் போல ஒரு சின்ன வளைவு. மிகப் பழைய புத்தகத்தில் இருந்த அடையாளத்தை மெல்லிய தாளில் எடுத்து, பத்து வருஷத்துக்கு முந்திய ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. வளைவும் பொருந்தியது. அந்த அறையில் பகல் வெளிச்சம் நிறைய இருந்தும் எனக்கு முதுகு கூசியது. இன்னொன்றையும் கவனித்தேன். மற்றவர்களுக்கு நோய் நாட்கள் உண்டு, வராத நாட்கள் உண்டு. தோமஸுக்கு ஒரு நாள் கூட இல்லை.

பயந்தவள் என்ன செய்வாள்? அவசரமாக ஒரு விளக்கம் தேடுவாள். தகப்பன் மகனுக்குக் காட்டிக் கொடுத்திருப்பான், மகன் தன் மகனுக்கு என்று நானே ஒரு குடும்பத்தை உண்டாக்கினேன். நடப்புப் புத்தகம் கீழே தூணோடு கட்டிக் கிடந்தது. அதைக் கடைசியில் ஒரு தடவை புரட்டிப் பார்த்ததோடு சரி. பட்டியலில் இப்படி எழுதினேன்: ‘ஏழாம் கொட்டடி. தோமஸ் குடும்பத்தினர், தலைமுறை தலைமுறையாக, இன்றுவரை.’ இன்றுவரை என்றால் இன்றைக்குச் சாவியை எடுப்பவர் யார் என்று பார்த்தேனா? பார்க்கவில்லை. நான் வரும்போது அநேகமாகக் கேற் திறந்தே கிடக்கும், என் மேசை மேல்மாடியில். யார் திறந்தது என்று மூன்று மாதத்தில் ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டு மேலாளர் ஒரு வெள்ளைக்காரர். குரலை உயர்த்தத் தெரியாதவர். மேல்மாடியிலேயே குடியிருந்தார். பட்டியலைப் படித்துவிட்டு மகிழ்ந்துபோனார். “எங்களிடம் எப்போதும் ஒரு தோமஸ் இருந்திருக்கிறார்” என்றார். இன்னொரு பெரிய வீட்டு வேலைக்கும் என்னைச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் பெட்டிகளைக் கட்டக் கீழே இறங்கினேன். வெளியே நல்ல மழை. லாயத்துக்குள் நனைந்த குதிரையின் மணம். குதிரையில்லாத கட்டடத்தில் அந்த மணம் முகத்தில் அடித்தபோது படியிலேயே நின்றுவிட்டேன். அப்போதுதான் குரல் கேட்டது. ஏழாம் கொட்டடிக்குள்ளிருந்து, தணிந்த குரலில், தமிழில்.

“அழாதை பிள்ளை. அப்பா இருக்கிறன்தானே. அழாதை.”

மூன்று மாதம் தனியே பழைய புத்தகங்களோடு இருந்து எனக்குத்தான் மூளை பிசகிவிட்டதென்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். கவிழ்த்த வாளியின் மேல் நாற்பது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், நீல மேலங்கியோடு, கையில் போனை வைத்துக்கொண்டு இருந்தார்.

“நீங்கள் தமிழோ?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா.”

“உங்கட பேர்?”

“தோமஸ்” என்றார். எங்கோ வைத்த ஒன்றைத் தேடுகிறவரின் முகம். “சிவநேசன். கந்தையா சிவநேசன். தோமஸ் எண்டது இஞ்சத்தைப் பேர்.”

எனக்கு மழைச் சத்தம் கேட்காமல் போயிற்று.

பிரான்ஸில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர் அவர். அந்த லாயத்தில் காவலாளாகச் சேர்ந்து பதினொரு வருஷம். “முதல் நாளே என்ர பேரைச் சொன்னனான் அக்கா. அதுக்கு அவை, சரி தோமஸ் எண்டிட்டினம். எனக்கு முதல் நிண்டவன் ஒரு அயர்லாந்துக்காரன். அவனும் தோமஸ்தான். அவன்ர சொந்தப் பேர் என்னெண்டு எனக்குத் தெரியாது. போகேக்கை இந்தக் கீறலைக் காட்டி, ஏழாம் கொட்டடிக்கு இதுதான் கையெழுத்து எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். பேர் என்னத்துக்கு, வேலை இருந்தாக் காணும் எண்டு நானும் விட்டிட்டன்.”

“மழை பெய்தால் குதிரை மணக்குதே, என்ன அது?”

“மரம் ஊறினால் அப்பிடித்தான் அக்கா. முதல்ல எனக்கும் பயமாத்தான் கிடந்தது.”

தோமஸ் குடும்பம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருக்கவில்லை. ஏழாம் கொட்டடிக்கு யார் வந்தாலும் அவர் பெயர் தோமஸ். அவ்வளவுதான்.

பிறகு அவர் மேலங்கிக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். “இது இங்கிலீசில கிடக்கு. பாதி விளங்குது, பாதி விளங்கேல்லை. என்ன எழுதியிருக்கினம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.”

அவருடைய மனைவியும் மகளும் வவுனியா முகாமில் இருந்தார்கள். அந்த வருஷம் வன்னியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருவரும் உயிரோடு வெளியே வந்தது பெரிய காரியம். அவர் புறப்பட்டபோது மகளுக்கு ஒரு வயது, இப்போது பதின்மூன்று. அவருடைய நிரந்தர விசா போன வருஷம்தான் சரிவந்தது. இனி இருவரையும் கூப்பிடலாம். ஆனால் இந்த ஆள் இங்கே வேலை செய்கிறார் என்று வேலைகொடுப்பவர் ஒரு கடிதம் தர வேண்டும். அவரை முதலில் சேர்த்துவிட்ட ஏஜென்சியை இழுத்து மூடியாயிற்று, அவர்களின் காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டடம் கைமாற இன்னும் பத்து நாள். அதற்குப் பிறகு கடிதம் தர அந்த இடத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வீட்டாரிடம் கேட்டிருக்கிறார். அவர்களின் வழக்கறிஞர் பதில் போட்டிருக்கிறார். அதுதான் என் கையில் இருந்தது.

வாசித்தேன். ‘சிவநேசன் என்ற பெயரில் எவரும் இந்த வீட்டின் பதிவேடுகளில் இல்லை. அண்மையில் ஒரு நிபுணர் தயாரித்த பட்டியலின்படி, ஏழாம் கொட்டடிப் பொறுப்பு தோமஸ் குடும்பத்தினரிடம், தலைமுறை தலைமுறையாக, இன்றுவரை...’

அது என் வசனம். நான் எழுதிய வசனத்தை நானே தமிழில் அந்த மனிதருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். என் வேலைக் காலத்தில் அதைவிடக் கேவலமான நிமிஷம் எனக்கு வந்ததில்லை. நிபுணர் யார் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். “நான்தான் தம்பி” என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “அப்ப நீங்களே மாத்தலாந்தானே அக்கா” என்றார்.

மாற்றுவது லேசு என்றுதான் நானும் நினைத்தேன். பதினொரு வருஷத்துக்கு முந்திய புத்தகத்தைத் திறந்து, அயர்லாந்துக்காரன் முடிந்து நீங்கள் தொடங்கிய இடத்தைக் காட்டுங்கள் என்றேன். அவர் விரலை வைத்துக்கொண்டு போனார். பக்கம் பக்கமாகப் போனார். திரும்பி வந்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார்.

“இது என்ர கையோ அவன்ர கையோ, எனக்கே தெரியேல்லை அக்கா.”

நடப்புப் புத்தகத்தை எடுத்தோம். அந்தச் சித்திரை மாதத்தில் எங்கள் சனம் போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் இரவு பகலாக நின்றது. அவரும் மூன்று நாள் வேலைக்கு வராமல் அங்கே நின்றிருக்கிறார். அந்த மூன்று நாளைப் பார்த்தால் முதன்முறையாகத் தோமஸ் இல்லாத நாள் கிடைக்கும், அதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். பக்கத்தைத் திறந்தேன். மூன்று நாளும் அடையாளம் இருந்தது. சிலுவைக் கோடு, கீழே வளைவு.

“நான் வரேல்லை அக்கா” என்றார் அவர். “சத்தியமா நான் இஞ்ச வரேல்லை.”

இரண்டாம் நாளின் அடையாளத்தைக் குனிந்து பார்த்தேன். மற்றவையெல்லாம் மையில் இருந்தன. அது மட்டும் பென்சிலில் இருந்தது.

நம் தொழிலில் பேனாவோடு ஆவணத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்பது முதல் நாள் பாடம். அந்தக் கட்டடத்தில் பென்சிலோடு நடமாடியவள் நான் ஒருத்திதான். எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கேற் பூட்டியிருந்தது. மேலாளர் சின்னக் கதவால் என்னை உள்ளே விட்டு, இன்று தோமஸ் வரவில்லை, சாவியை எடுத்துத் திறந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன். என் வேலைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அதே திகதி. ‘கேற்றை நான் திறந்தேன், கையெழுத்திட்டேன்’ என்று என் எழுத்தில் தெளிவாக இருந்தது. முப்பது வருஷமாகப் போடும் கையெழுத்து. புத்தகத்தில் அது இல்லை. தூண்டில் வளைவு வரை பிசகாமல், தோமஸின் அடையாளம் இருந்தது. அந்த அடையாளத்தை நான் போட்டதாக எனக்குக் கொஞ்சமும் நினைவில்லை. அப்போது எனக்கு அது பழக்கமான அடையாளம்தான், மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன், கை தானாகப் போட்டிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று பின்னேரமே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் போனேன். சிவநேசனும் கூட வந்து வாசலில் நின்றார். என் பட்டியல் பிழை என்றேன். தோமஸ் ஒரு குடும்பம் இல்லை, யார் நின்றாலும் அவருக்குச் சூட்டிய பெயர் என்றேன். பென்சில் அடையாளத்தைக் காட்டி, “இந்த நாளில் தோமஸ் நான்” என்றேன்.

அவர் சிரித்தார். “கவனக்குறைவு. எல்லோருக்கும் வருவதுதான்.”

“பட்டியலை மீளப் பெறுகிறேன்.”

“அதை ஏற்றுக்கொண்டாயிற்று, அம்மா. தன் பட்டியலைத் தானே பிழை என்பவரை நான் இன்னொரு வீட்டுக்கு எப்படிச் சிபாரிசு செய்வது?” மிக மரியாதையாகத்தான் கேட்டார். வாசலில் நின்றவரைக் காட்டி, “தோமஸ் எங்களுக்கு மிகவும் வேண்டியவர்தான். ஆனால் பதிவேட்டில் இல்லாத ஒருவருக்கு நான் எப்படிக் கடிதம் எழுதுவேன்?” என்றார்.

அந்தச் சிபாரிசு எனக்கு வேண்டியிருந்தது. அதை மறைத்து உங்களுக்கு நல்ல பிள்ளை வேஷம் போட விருப்பமில்லை. பென்சில் அடையாளம் ஒன்றைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.

மேலாளர்தான் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். மூடித் தரப்போகிறார் என்று நினைத்தேன். மூடவில்லை. பின்னோக்கிப் புரட்டினார். சித்திரை, பங்குனி, மாசி. லண்டன் பஸ்கள் எல்லாம் நின்றுபோன அந்தப் பெரிய பனி நாளில் விரல் நின்றது. அன்று வெளியிலிருந்து ஒருவராலும் வர முடியவில்லை. பனியை ஒதுக்கிக் கேற்றைத் திறந்தவர் மேல்மாடியில் குடியிருந்த அவர் ஒருவர்தான்.

வெகு நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் அங்கே இருப்பது தோமஸின் அடையாளம் என்று விளங்கியது. பெருவிரலால் அதை ஒருமுறை தேய்த்தார். மை, போகவில்லை.

“நான் என் பெயரைத்தான் எழுதினேன்” என்றார். என்னிடம் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார். “எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் பெயரைத்தான் எழுதினேன்.”

பிறகு வாசலைப் பார்த்தார். பதினொரு வருஷத்தில் அந்த மனிதரை அன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோல இருந்தது.

“உங்கள் முழுப்பெயர் என்ன?”

கடிதத்தைத் தானே தட்டச்சு செய்தார். கையொப்பமிட்டபின் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அதன் பிறகுதான் கொடுத்தார். எனக்குச் சிபாரிசு கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் சின்னச் சின்ன வேலைகளில் இழுபட்டேன், அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. பட்டியலைத் திருத்தி, தோமஸ் என்ற பதிவைக் கலைத்து, அந்த இடத்தில் நின்றதாக எனக்கு உறுதியாகத் தெரிந்த மூன்று பெயர்களை எழுதினேன். ஒன்று அவருடையது. மற்ற இரண்டும் ஒரு நாள் தோமஸ்களான என்னுடையதும் மேலாளருடையதும். மற்றவர்கள் யார், எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. ‘பெயர் தெரியாத குதிரைக்காரர்கள்’ என்று எழுதினேன்.

பிள்ளைகளே, நம் தொழிலில் இரண்டு பேரை ஓர் ஆளாகச் சேர்ப்பது ஒரு நிமிஷ வேலை. ஒரே பெயர், ஒரே அடையாளம், அழகாகப் பொருந்துகிறது என்று மனம் குளிரும். அந்த நேரத்தில் எழுந்து கீழே போய், கேற்றைத் திறந்தது யார் என்று பாருங்கள். காகிதத்துக்குப் பின்னால் மூச்சு விடும் ஆள் ஒருவர் இருக்கக்கூடும். உங்கள் ஒரு வசனத்தால் அவருடைய பெண்டாட்டி பிள்ளை முகாமில் நின்றுபோகக்கூடும்.

அடுத்த வருஷம் பங்குனியில் அவர்கள் வந்தார்கள். ஹீத்ரோவுக்கு என்னையும் அழைத்துப் போனார் சிவநேசன். மகள் தகப்பனைவிட உயரமாக இருந்தாள். கொஞ்ச நேரம் மூன்று பேரும் அழுதார்கள், நானும் அழுதேன். பிறகு அவருடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, கூச்சத்தோடு சொன்னார்: “உள்ளுக்கு நிண்ட ஒப்பிசர் இவற்ற பேரைக் கேட்டவர் அக்கா. எனக்கு வாய் வரேல்லை. கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் இவற்ற பேரைச் சொன்னதேயில்லை. இஞ்சாருங்கோ எண்டுதான் கூப்பிடுறது. மூண்டு தரம் கேட்டுப்போட்டார். சொல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினமோ எண்டு பயந்து, பிறகு சொன்னன்.”

“எப்பிடிச் சொன்னனீ?” என்று கேட்டார் அவர். சும்மா பகிடியாகத்தான் கேட்டார்.

அந்த அம்மா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி, அந்த மண்டபத்துச் சனத்துக்கு நடுவில் நல்ல சத்தமாகச் சொன்னார்.

“சிவநேசன்.”

அவர் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.